பத்து ரூபாய்க் காசில் மயிரிழை போல ஒரு மேடு: இது போலியா?

தேங்காய்பன் (அவிநாசி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அவிநாசியில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்ன பேக்கரி நடத்துகிறோம். யார் பத்து ரூபாய்க் காசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். எங்கள் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. மீதிச் சில்லறையில் அதையே திருப்பிக் கொடுத்தால் நோட்டாகக் கேட்கிறார்கள். பால் கொண்டுவருகிறவர் வாங்குவதில்லை. மைதா மூட்டை இறக்குகிறவரும் வாங்குவதில்லை. காலையில் பஸ்ஸில் என் மகள் நீட்டினால் கண்டக்டர் அவள் கைப்பக்கமே திரும்புவதில்லை. ஏன் என்றால் "செல்லாது" என்பார்கள். யார் சொன்னது என்றால் "எல்லாரும்தான் சொல்கிறார்கள்."

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவியபோது ரஸ்க் டின்னில் சேர்ந்திருந்ததைக் கொட்டி எண்ணினோம். 1,240 காசு. 12,400 ரூபாய் டின்னுக்குள் சும்மா கிடக்கிறது. எட்டாவது படிக்கும் மகள் அதைத் தரையில் பரப்பி வகை வகையாகப் பிரித்தாள். ஒன்பது வகை தேறியது! சிலவற்றில் பத்து என்ற எண்ணுக்கு மேலே பத்துக் கோடு, சிலவற்றில் பதினைந்து. சிலவற்றில் ரூபாய்க் குறி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. சிலவற்றில் தலைவர்கள் படம்.

அதில் ஒரு காசுதான் இப்போது பிரச்சினை. சிங்க முகம் உள்ள பக்கத்தில், விளிம்பிலிருந்து மஞ்சள் வளையத்தைத் தாண்டி நடுவிலுள்ள வெள்ளை வட்டம் வரைக்கும் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. கீறல் என்று நினைத்தேன். நகத்தால் தடவினால் தட்டுகிறது, மேடாக இருக்கிறது. தினமும் டீ குடிக்க வரும் தறிக்காரப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது பச்சைப் போலி, போலீஸ் வந்தால் உங்களைத்தான் பிடிப்பார்கள்" என்று கண்ணாடி மேல் தூக்கிப் போட்டார்.

இது போலிதானா? இத்தனை வகை எதற்கு அடிக்கிறார்கள்? வெள்ளையையும் மஞ்சளையும் எப்படி ஒட்டுகிறார்கள் என்று மகள் கேட்கிறாள். பசை போட்டிருப்பார்கள் என்றேன், சிரித்துவிட்டாள். வங்கிக்கு இரண்டு முறை டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். "எண்ண ஆள் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று இரண்டு முறையும் ஒரே பதில். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நூல்கண்டு (திருப்பூர்) எழுதியது:

இந்தக் காலத்தில் காசை யார் வைத்துக்கொண்டு அலைவது? க்யூஆர் அட்டையை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். பதினைந்து கோட்டுக் காசு எல்லாம் போலி என்று எப்போதோ வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பித்தளைதானே, பாத்திரக் கடையில் உருக்கப் போட்டால் கிலோவுக்கு ஏதாவது தேறும்.


அரைமில்லி (கணபதி, கோவை) எழுதியது:

நூல்கண்டுத் தம்பி, 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி காசை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை. பேக்கரி நடத்துகிற அம்மணியை உள்ளே அனுப்பிவைக்காதீர்கள். மேலும் அது பித்தளையும் இல்லை. வெளி வளையம் செம்போடு அலுமினியமும் கொஞ்சம் நிக்கலும் கலந்த உலோகம். பித்தளை என்றால் துத்தநாகம் இருக்க வேண்டும்.

அம்மணி, நான் முப்பத்தெட்டு வருடமாகக் கணபதியில் டை (தகடு வெட்டவும் உருவம் பதிக்கவும் பிரஸ்ஸில் மாட்டும் எஃகு அச்சு) செய்கிறவன். பம்பு மோட்டாருக்குள் அடுக்கும் ஸ்டாம்பிங் தகட்டுக்கு டையும், அதற்குள் இறங்கிக் குத்தும் பஞ்ச் என்கிற எஃகும் செய்வது என் தொழில். நாணயச் சாலைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் ஒரு காசு கைக்கு வந்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அதை அடித்த டைதான். அது எத்தனை ரூபாய் என்பது பிறகு. என் வீட்டுக்காரி இதற்காகவே சந்தைக்கு என்னைக் கூட்டிப்போவதில்லை. காய்க்காரர் மீதி கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்பேன், பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள்.

நகத்தில் தட்டுகிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. காசு வெளியே வந்த பிறகு ஏதாவது உரசியிருந்தால் பள்ளம்தான் விழும். மேடு விழ வேண்டுமானால் டையில் பள்ளம் இருந்திருக்க வேண்டும். டையில் எது குழியோ அது காசில் மேடு. சிங்கமே அப்படித்தான் எழும்பி நிற்கிறது. உங்கள் கோடு, டையில் விழுந்த விரிசல். பதம் வைத்த எஃகு லட்சக்கணக்கான அடி வாங்கிய பிறகு ஒரு நாள் விளிம்பில் மயிரிழையாக விடும். அதற்கு அப்புறம் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் உலோகம் அந்த இடுக்குக்குள் புகுந்து எழும்பி நிற்கும். ஆபரேட்டர் கண்ணில் படும்வரை அப்படியே ஓடும்.

இது எனக்கு எப்படி உறைக்கும் தெரியுமா? எனக்கு அப்போது இருபது வயது. ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம், முதலாளியின் பிள்ளைகள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள்) பள்ளிக்கூட பேட்ஜ் அடிக்கும் ஆர்டர். நூறு டன் பிரஸ். முந்தைய பேட்ஜ் டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றதைக் கவனிக்காமல் அதன் மேலேயே அடுத்த வில்லையை வைத்துப் பெடலை மிதித்துவிட்டேன். வழக்கமாக 'டப்' என்று விழும் அடி அன்றைக்கு 'ணங்' என்று கேட்டது. பட்டறையில் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். டையைக் கழற்றி மண்ணெண்ணெய் தடவித் துடைத்ததும், ஈரம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் காயாமல் நின்றது. விரிசலுக்குள் போன எண்ணெய். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த ஆர்டரில் மிச்சமிருந்த பேட்ஜ் அத்தனையிலும் பள்ளிச் சின்னத்துத் தீபத்தின் குறுக்கே உங்கள் காசில் இருப்பது போலவே ஒரு மேடு. பள்ளிக்கூடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பிள்ளைகள் ரோட்டில் போனால் நெஞ்சுதான் கண்ணில் படும்.

ஆகவே உங்கள் தறிக்காரப் பெரியவர் போலி என்று தூக்கிப் போட்ட அதே கோடு, அந்தக் காசு ஒரு பெரிய பிரஸ்ஸில், பதம் வைத்த டையில், ஓட்டத்தில் அடிக்கப்பட்டது என்று சொல்கிறது. விரிசல் இருந்தாலே அசல் என்று சொல்ல மாட்டேன். கள்ளன் டையும் விரியும். ஆனால் கூடவே இன்னும் மூன்றைப் பாருங்கள். எழுத்துகளின் கால், தரையைத் தொடும் இடத்தில் கத்தியாக இருக்கிறதா, சோப்பு போலக் கரைந்திருக்கிறதா? வார்த்த காசில் கரைந்திருக்கும், அடித்ததில் கூர்மையாக இருக்கும். அடுத்து, சிங்கம் நேராக நிற்கும்படி விரல்களுக்கு நடுவே பிடித்து, கதவைத் திறப்பது போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாட்டுக் காசில் மறுபக்கமும் நேராகவே நிற்க வேண்டும். மூன்றாவது எடை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் ஆலையில் உலோகத்தை உருட்டிக் காசின் தடிமனுக்குத் தகடாக்கி, சுருளாகச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். பிரஸ்ஸில் அந்தத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். எங்கள் ஸ்டாம்பிங் வேலையும் இதேதான். ஒன்று தெரியுமா, ஒரு ரூபாய் போன்ற எஃகுக் காசுகளுக்கான வில்லை வெட்டும் பிரிவு நம் சேலம் உருக்காலையிலேயே இருக்கிறது. சேலத்தில் வெட்டிய வில்லை நாணயச் சாலைக்குப் போய், முகம் வாங்கிக்கொண்டு, ரிசர்வ் வங்கி வழியாகச் சுற்றி, மறுபடியும் சேலம் பஸ் நிலையத்து டீக்கடையில் விழுவது நடக்கக்கூடிய காரியம்தான்.

வெட்டிய வில்லையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதோடு அடித்தால் டை கெட்டுவிடும். அதனால் இரண்டு தாடைகளுக்கு நடுவே உருட்டி ஓரத்தை உள்நோக்கி நெருக்குவார்கள். அப்போது விளிம்பு கொஞ்சம் எழும்பும். அந்த விளிம்பு இருப்பதால்தான் காசை அடுக்கினால் சரியாமல் நிற்கிறது, முகமும் சீக்கிரம் தேய்வதில்லை. பிறகு உலையில் காய்ச்சி ஆறவிடுகிறார்கள். வெட்டும்போதும் உருட்டும்போதும் உலோகம் முறுக்கேறியிருக்கும், அந்த முறுக்கை எடுக்காமல் அடித்தால் சிங்கத்தின் பிடரி முழுதாக எழும்பாது. காய்ச்சியதில் கறுத்துப் போனதை அமிலத்தில் கழுவி, மெருகேற்றி, உலர்த்துவார்கள். அதற்குப் பிறகுதான் அடி. கீழே ஒரு டை, மேலே ஒரு டை, சுற்றிலும் காலர் என்கிற எஃகு வளையம். உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி ஓடாமல் காலர் பிடித்துக்கொள்ளும். விளிம்பில் இருக்கும் வரிகளும் காலர் கொடுப்பவைதான். ஒரே அடியில் இரண்டு முகமும் விளிம்பும் முடிந்துவிடும். இன்றைய பிரஸ்களில் நிமிடத்துக்கு எழுநூறுக்கு மேல் அடிப்பவை உண்டு. எங்கள் பட்டறையில் நிமிடத்துக்கு அறுபது போட்டாலே அடுத்த வீட்டுப் பாட்டி சண்டைக்கு வந்துவிடும்.

பத்து ரூபாயில் பசை, பற்றவைப்பு எதுவும் கிடையாது. வளையம் தனியாக, நடுவில் ஓட்டையோடு வெட்டப்படும். நடு வட்டம் தனி. அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் இருக்கும். ஓட்டைக்குள் வட்டத்தை வைத்து ஒரே அடி. அந்த அழுத்தத்தில் வளையத்து உலோகம் நகர்ந்து வட்டத்தின் பள்ளத்துக்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். முகம் பதிவதும் இரண்டும் பூட்டிக்கொள்வதும் ஒரே நொடியில். உங்கள் காசில் கோடு வளையத்தையும் தாண்டி வட்டத்துக்குள்ளும் ஓடுகிறது அல்லவா? இரண்டும் சேர்ந்தே அடி வாங்கின என்பதற்கு அதுவே சாட்சி. பாப்பாவிடம் காட்டுங்கள்.

டை செய்வதுதான் இதில் பெரிய வேலை. அதைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். ஓவியர் வரைந்ததைப் பெரிய அளவில் பிளாஸ்டரில் செதுக்கி, இயந்திரத்தில் சிறிதாக்கி எஃகில் எடுப்பது பழைய முறை. இப்போது கணினியில் வரைந்து நேரே எஃகில் செதுக்குகிறார்கள். அந்தத் தாய் அச்சிலிருந்து பஞ்ச், அந்தப் பஞ்ச்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வேலை டைகள். அதனால் ஒரு டை விரிந்தால் குடி முழுகிவிடாது. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டிவிடுவார்கள்.

போலி அடிப்பவன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, பத்து ரூபாய்க் காசு ஒன்றை அடிக்க 5 ரூபாய் 54 காசு ஆகிறது என்று பதில் வந்தது. அது அரசாங்கம் கோடிக்கணக்கில் அடிக்கும்போது ஆகும் விலை. கள்ளனுக்குப் பிரஸ் வேண்டும், டை வேண்டும், இரண்டு உலோகம் வேண்டும், சத்தம் வெளியே கேட்காத இடம் வேண்டும். போலி அடித்துப் பிடிபட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் டின்னில் இருக்கும் ஒன்பது வகையும் போலி என்றால் அவன் ஒன்பது ஜோடி டை செய்திருக்க வேண்டும். அத்தனை கைவேலை தெரிந்தவன் என்னிடம் வரட்டும், நல்ல சம்பளம் தருகிறேன்.

எடை: ஒரு காசு சுமார் 7.71 கிராம். 1,240 காசு என்றால் 9 கிலோ 560 கிராம். உங்கள் கேக் தராசில் டின் இல்லாமல் கொட்டி நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தில் பத்து இருபது கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அரைக் கிலோ வித்தியாசம் வந்தால் எனக்கு எழுதுங்கள். கோடு விழுந்த காசில் ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பாப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. அந்த டை எந்த ஊரில் விரிந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.


ஓய்வுபெற்ற கேஷியர் (ஈரோடு) எழுதியது:

அரைமில்லி அவர்கள் பிரஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டார். கவுன்டரைப் பற்றி நான் சொல்கிறேன், முப்பத்திரண்டு ஆண்டு உட்கார்ந்த இடம்.

அம்மா, 2018 ஜனவரி 17-ம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவரை வந்த 14 வகைப் பத்து ரூபாய்க் காசும் செல்லும் என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. பதினைந்து கோடு, ரூபாய்க் குறி இல்லாதது எல்லாம் அதில் அடக்கம். ரூபாய்க் குறியே 2010-ல் வந்தது; 2011 முதல்தான் காசில் ஏறியது. அதற்கு முன்னால் அடித்ததில் எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கியின் 14440 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் அப்போது இதையே சொன்னார்கள். இத்தனை வகை வந்ததற்குக் காரணம், தலைவர்கள் நூற்றாண்டு, நிறுவனங்களின் ஆண்டுவிழா என்று அரசு அவ்வப்போது புது முகத்தில் வெளியிடுவதுதான். காசை வெளியிடுவது மத்திய அரசு. ரிசர்வ் வங்கி அதை மக்களிடம் சேர்க்கும் வேலையைத்தான் செய்கிறது. நோட்டு விஷயம் வேறு.

ஆயிரம் ரூபாய் வரம்பு என்று ஒன்று உண்டு, அதை வைத்துச் சிலர் பயமுறுத்துவார்கள். ஒருவருக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் ஆயிரம் ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லும் என்பது அந்த விதி. உங்கள் கணக்கில் நீங்கள் போடுவதற்கு அந்த வரம்பு இல்லை. வங்கிக் கிளை காசை வாங்கித்தான் ஆக வேண்டும். "ஆள் இல்லை" என்று சொன்னவர் பொய் சொன்னார் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு கவுன்டரில் அறுபது பேர் நிற்கும்போது டின்னோடு ஒருவர் வந்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கிறது.

ஆகவே நூறு நூறாகப் பிரித்து பாலிதீன் பையில் போட்டு வாய் கட்டிக் கொண்டுபோங்கள். அப்படி வாங்கலாம், எடை போட்டும் வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கிறது. உங்களுக்கு எல்லாமே பத்து ரூபாய்க் காசு என்பதால் எளிது. பை ஒன்று 771 கிராம், ஆயிரம் ரூபாய். ஒரு ரூபாய், இரண்டு ரூபாயில் மாட்டினால்தான் தலைவலி. 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம். 2011-ல் வந்த இரண்டு ரூபாய்? அதுவும் எஃகு, அதுவும் 25 மில்லிமீட்டர், அதுவும் 4.85 கிராம்! தராசுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. இதைத் தீர்மானித்தவர் ஒரு நாளாவது கவுன்டரில் உட்கார்ந்திருப்பாரா? கண் தெரியாத ஒரு வாடிக்கையாளர் எனக்கு இருந்தார், ஊதுபத்தி விற்பவர். காசை விரலால் உருட்டி, மேசையில் சுண்டி, சத்தம் கேட்டுக் கணக்குச் சொல்வார். ஒரு முறை கூடத் தவறியதில்லை. புது இரண்டு ரூபாய் வந்த வருடம் அவர் என்னிடம், "சார், இனிமேல் நீங்களே எண்ணிவிடுங்கள்" என்று பையை நீட்டிவிட்டார். 2019-ல் பார்வையற்றோருக்கென்று அளவுகளை வேறுபடுத்திப் புது வரிசை அறிவித்தார்கள், பன்னிரண்டு பக்கமுள்ள இருபது ரூபாய்க் காசு அதில் வந்ததுதான். அதற்குள் அவர் வியாபாரத்தை விட்டுவிட்டார்.

காசை உருக்குவது பற்றித் தம்பி சொன்னார். பழைய தடித்த ஐந்து ரூபாய் நினைவிருக்கிறதா? 9 கிராம், செம்பும் நிக்கலும். நம் நாட்டுக் காசுகளை எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கடத்தி உருக்கி சவர பிளேடு செய்கிறார்கள் என்று 2007 வாக்கில் செய்தி வந்தது. முகத்தில் போட்ட மதிப்பைவிட உலோகத்தின் மதிப்பு ஏறினால் காசு நாட்டில் தங்காது. இப்போதைய ஐந்து ரூபாய் அதைவிட எடை குறைவுதான்.

ஒரு ரூபாய்க்கு மட்டும் நம் பக்கத்தில் என்றைக்கும் கிராக்கி குறையாது. முகூர்த்த மாதம் பிறந்தால் மொய்க் கவர் விற்கும் கடைக்காரர்கள் மூட்டைக்கு வந்து நிற்பார்கள். கவர் மேல் ஒட்டுவதற்குப் பளபளப்பாக வேண்டும், தேய்ந்தது ஆகாது. அந்த ஒரு ரூபாயை அடிக்க அரசுக்கு 1 ரூபாய் 11 காசு ஆனது என்று அரைமில்லி அவர்கள் சொன்ன அதே 2018 பதிலில் இருக்கிறது. நூற்றியொன்று மொய் வைக்கும்போதெல்லாம் பதினொரு காசு அரசாங்கத்தின் மொய்.

மாத முதல் வாரமும் திங்கட்கிழமையும் வேண்டாம். மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள், கூட்டம் இருக்காது. மறுத்தால் சண்டை போடாதீர்கள். மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.


ஆற்றுமணல் (கரூர்) எழுதியது:

நான் பழங்காசு சேர்ப்பவன். எங்கள் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் சேரர் காசும் ரோமானியர் காசும் வந்துகொண்டே இருந்த காலம் உண்டு. வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் கிடைத்தது பலருக்கும் தெரிந்த செய்தி. கரூரில் கிடைத்த வெள்ளிக் காசு ஒன்றில் மன்னன் தலையும் 'மாக்கோதை' என்று தமிழி (பழந்தமிழ்) எழுத்தும் இருக்கும். ரோமானியக் காசைப் பார்த்து, அதே மாதிரி தலை வைத்து, நம் அக்கசாலையில் (அந்தக் கால நாணயச் சாலை) அடித்தது. அதிலும் அடி ஒருபுறம் சரிந்து பாதி எழுத்து வெளியே போயிருக்கும். காலர் கிடையாது, கையில் சுத்தியல். அரைமில்லி ஐயா பார்த்தால் கண்ணில் நீர் வரும்.

வந்த காசை நம்பாத வழக்கமும் புதிதில்லை. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் ரோமானியப் பொற்காசு 501 கிடைத்தது. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. காசைச் சோதிப்பதற்கென்றே ஆள் இருந்தான், அவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே அந்தப் பெயரோடு சிலர் உண்டு. பார்த்து, உரைத்து, நிறுத்துச் சொல்வான். அவிநாசிப் பெரியவர் உரைக்கவும் இல்லை, நிறுக்கவும் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டார்!

அக்கா, அந்தக் கோடு விழுந்த காசை வங்கியில் போட்டுவிடாதீர்கள். டை விரிசல் காசுக்கு எங்கள் ஆட்களிடம் பெரிய விலை கிடைக்காது. 'லட்ச ரூபாய் தருகிறோம்' என்று யாராவது போனில் கூப்பிட்டால் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பான். விலைக்காகச் சொல்லவில்லை, மகளுக்காக வைத்திருங்கள்.


நூல்கண்டு (திருப்பூர்) எழுதியது:

உருக்கச் சொன்னது தப்புதான், விட்டுவிடுங்கள். என் பர்ஸில் ஒரே ஒரு பத்து ரூபாய்க் காசு இருந்தது. கதவு திறப்பது போலத் திருப்பிப் பார்த்தேன், நேராகத்தான் நிற்கிறது. ஆனால் எங்கள் கம்பெனி கேன்டீனில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்ய?


தேங்காய்பன் (அவிநாசி) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு கடை சாத்திய பிறகு கேக் தராசில் கொட்டி நிறுத்தோம். 9 கிலோ 550. என் வீட்டுக்காரர் நம்பாமல் இரண்டாவது முறையும் நிறுத்தார். அதே 550.

நூறு நூறாகப் பை போட்டு இன்று மூன்று மணிக்குக் கொண்டுபோனேன். கேஷியர் ஒரு பையைத் தராசில் வைத்தார், இன்னொன்றை வைத்தார், பிறகு ஒன்றும் பேசாமல் சலானை நீட்டச் சொன்னார். எழுத்தில் கேட்கும் அளவுக்குப் போகவில்லை. பன்னிரண்டு பையும் உதிரி முப்பத்தொன்பதும் போயிற்று. மகள் கோட்டுக் காசை எடுத்துக்கொண்டு, கல்லாவில் தன்னுடைய பத்து ரூபாய் நோட்டு ஒன்றைப் போட்டுவிட்டாள்.

பால்காரர் இன்று காலையும் வாங்கவில்லை. வங்கிச் சலானைக் காட்டினேன். "அது வங்கி, நான் பால்காரன்" என்கிறார். மறுபடியும் ரஸ்க் டின்னில் ஏழு காசு சேர்ந்துவிட்டது.

தறிக்காரப் பெரியவரிடம் விரிசல், டை எல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, தறியில் ஏதாவது பழுதானால் துணி முழுக்க ஒரே இடத்தில் பிழை ஓடுமே, அது மாதிரியா என்று கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன், சரிதானே ஐயா?


அரைமில்லி (கணபதி, கோவை) எழுதியது:

சரிதான் அம்மணி. என்னைவிட அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், அடுத்த டீ என் கணக்கில் கொடுங்கள். ஆனால் ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாப்பா இன்னும் சொல்லவில்லை.


தேங்காய்பன் (அவிநாசி) எழுதியது:

வணக்கம் தாத்தா, அம்மா போனில் நான்தான் எழுதுகிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம்.